எட்டு வயதுப் பூனையும் ஆறாத வயிறும்

செல்லப்பிராணி நலம்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் பூனையின் வயிறு பற்றியவையே அதிகம். அவற்றுள் ஆரையம்பதியிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தில், எந்த நேரத்தில் என்ன கொடுக்கப்படுகிறது, வாரத்தில் எத்தனை முறை வாந்தி எடுக்கிறது, நிறை எவ்வளவு குறைந்திருக்கிறது என்பவையெல்லாம் பொறுமையாகக் குறிக்கப்பட்டிருந்தன. ஒரு கால்நடை வைத்தியருக்கு இதைவிட உதவியான கடிதம் இருக்க முடியாது. ஆகையால் இம்மாத இடத்தின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (ஆரையம்பதி வாசகி): மதிப்புக்குரிய வைத்தியர் ஐயா அவர்களுக்கு, எங்கள் வீட்டுக் கடுவன் பூனைக்கு எட்டு வயது. கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. சிறு வயதில் எதைத் தின்றாலும் அதற்கு ஒன்றும் ஆனதில்லை. கடந்த ஐந்தாறு மாதங்களாக வாரத்தில் இரண்டு மூன்று முறை வாந்தி எடுக்கிறது. மலம் இளகிப் போகிறது, துர்நாற்றமும் கூடுதல். காலையில் அம்மா பாற்சோறு வைப்பார். மத்தியானம் ஆணத்தில் கிடந்த மீனைக் கழுவி, சோற்றில் பிசைந்து நான் கொடுப்பேன். பின்னேரம் மகன் வாங்கி வரும் பைக்கற்று உணவு. இரவில் பக்கத்து வீட்டிலும் ஏதோ தின்றுவிட்டு வருகிறது. ஒரு மாதத்துக்குள் மூன்று வகைப் பைக்கற்றுகளை மாற்றிப் பார்த்துவிட்டோம். தயிர் கொடுக்கும்படி ஒருவரும், சூரை மீனை மட்டும் கொடுக்கும்படி இன்னொருவரும் சொல்கிறார்கள். நன்றாகத்தான் சாப்பிடுகிறது, விளையாடுகிறது. ஆனால் 5 கிலோவாக இருந்த நிறை இப்போது 4.6 கிலோவாகிவிட்டது. எந்த உணவுக்கு மாற்றுவது?

பதில்: சகோதரி, எந்த உணவுக்கு மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கும் அந்த 400 கிராமைப் பற்றி முதலில் பேசியாக வேண்டும். 5 கிலோப் பூனை 400 கிராம் இழப்பது என்பது 70 கிலோ எடையுள்ள ஒரு மனிதர் ஐந்தரைக் கிலோவுக்கு மேல் மெலிந்து போவதற்குச் சமம். வீட்டில் ஒருவர் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே ஆறு மாதத்தில் இந்த அளவுக்கு மெலிந்தால் நீங்கள் சமையலை மாற்றிப் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டீர்கள். வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வீர்கள். பூனைக்கும் அதுவே பொருந்தும்.

பூனைகளில் 7 முதல் 10 வயது வரையுள்ள பருவத்தை முதிர்ந்த நடுவயது எனலாம். சாப்பாடு குறையாமல் நிறை மட்டும் குறையும்போது, இந்த வயதில் நாங்கள் தேடிப்பார்க்கும் காரணங்கள் சில உண்டு: குடற்புழுக்கள், குடலின் நாட்பட்ட அழற்சி, தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தல், நீரிழிவு, சிறுநீரகத் தளர்ச்சி. இவற்றுள் எதுவாக இருந்தாலும் வாந்தியும் இளகிய மலமும் வெளியே ஒரே மாதிரியாகத்தான் தெரியும். உணவை மாற்றியதால் வாந்தி சற்றுக் குறைந்து, அந்த நிம்மதியில் உள்ளேயிருக்கும் நோயைக் கவனியாமல் விட்டுவிடும் நிலை வரக்கூடாது என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கோ தனியார் வைத்தியரிடமோ போகும்போது, அன்று காலையில் கழித்த மலத்தில் ஒரு தேக்கரண்டி அளவை மூடியுள்ள சுத்தமான சிறு போத்தலில் எடுத்துச் செல்லுங்கள். பூனை வாந்தி எடுப்பதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்வது மிகவும் பயன்படும். ஏனென்றால் வயிற்றிலிருந்து குமட்டி எடுப்பதும், விழுங்கியது தொண்டையிலிருந்து அப்படியே திரும்பி வருவதும், சில வேளைகளில் இருமலும்கூட, பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தோன்றும். வைத்தியருக்கு அவை மூன்றும் வெவ்வேறு நோய்களின் வாசல்கள். மலப் பரிசோதனையோடு, சிறுநீரகம், ஈரல், சர்க்கரை, தைரொயிட் சுரப்பு ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். இங்கே செய்ய முடியாதவற்றுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. தூரம்தான், ஆனால் எல்லாப் பூனைகளுக்கும் அது தேவைப்படுவதில்லை. வெளியே திரிந்து எலி பிடிக்கும் பூனைக்கும், உடலில் தெள்ளு உள்ள பூனைக்கும் நாடாப்புழு வருவது சாதாரணம். எல்லாப் பூச்சி மருந்தும் நாடாப்புழுவைக் கொல்லாது. பிரசிகுவான்டல் கலந்ததைக் கேட்டு வாங்குங்கள். தெள்ளை ஒழிக்காவிட்டால் புழு மீண்டும் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி உணவு. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது நான் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். ஒரு நாளில் பால், சோறு, ஆணத்து மீன், பைக்கற்று உணவு, அயல்வீட்டு உணவு என்று ஐந்து வகை. கொடுக்கும் கைகள் நான்கு. அதற்குமேல் ஒரு மாதத்தில் மூன்று பைக்கற்றுகள். இப்படி இருக்கும்போது எது அந்த வயிற்றைக் குழப்புகிறது என்று பூனையாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்புவதில்லை. அதே அன்பைத்தான் எல்லோரும் பூனைக்கும் காட்டுகிறோம். வயிறு கெட்ட பூனைக்கு அந்த அன்பைச் சில வாரங்களுக்கு ஒரே கையின் வழியாக, ஒரே உணவாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டாரிடம் விடயத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்கள் தவறாக நினைக்கமாட்டார்கள்.

பாலை இன்றே நிறுத்துங்கள். குட்டியாக இருக்கும்போது பாலின் சர்க்கரையாகிய லக்டோசைச் செரிக்கும் நொதியம் குடலில் நிறையச் சுரக்கும். பால்குடி மறந்தபின் அது குறைந்துகொண்டே போகும். செரியாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, வாயுவையும் நீரையும் சேர்த்து மலத்தை இளக்குகிறது. சிறு வயதில் ஒன்றும் ஆகவில்லையே என்று நீங்கள் எழுதியதற்கு ஓரளவு விளக்கம் இதில் இருக்கிறது.

ஆணத்து மீனைக் கழுவிக் கொடுப்பதிலும் சிக்கல் உண்டு. வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பவை. சமைத்தாலும் காய்ந்தாலும் பொடியாக்கினாலும் அந்தத் தன்மை போவதில்லை. கொதிக்கும்போது மீனுக்குள் இறங்கிய சாறு கழுவுவதால் முழுவதும் வெளியேறாது. மிளகாயும் தேங்காய்ப்பாலின் கொழுப்பும் வேறு. ஆணம் வைப்பதற்கு முன்பே பூனைக்குரிய துண்டை எடுத்து, உப்புக்கூடப் போடாமல் தனியாக அவித்துவிட்டால் போதும்.

பூச்சி மருந்து கொடுத்து, வைத்தியரும் பார்த்து, அவசரமான நோய் எதுவும் இல்லை என்று ஆனபின், முதல் மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு வயிற்றை ஆறவிடுங்கள். தோலும் கொழுப்பும் நீக்கிய கோழி நெஞ்சிறைச்சியை உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவுமின்றி அவித்து, சிறு நாராகப் பிய்த்துக் கொடுங்கள். 4.6 கிலோப் பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 220 கிலோகலோரி தேவை. அவித்த நெஞ்சிறைச்சியில் அது கிட்டத்தட்ட 130 முதல் 150 கிராம் வரை வரும். அதை நான்கு ஐந்து நேரமாகப் பிரித்து வையுங்கள். குலைய வெந்த சோறு ஒரு தேக்கரண்டி சேர்ப்பது தீங்கில்லை, ஆனால் தேவையுமில்லை. அவித்த நீரைக் கொட்டிவிடாமல் இறைச்சியின் மேல் ஊற்றுங்கள். பூனையின் இதயத்துக்கும் கண்ணுக்கும் இன்றியமையாத டோரின் என்ற சத்து நீரில் கரைந்து அதற்குள்தான் போயிருக்கும். மனித உடல் டோரினைத் தானே போதிய அளவு ஆக்கிக்கொள்ளும், பூனையின் உடலால் அது முடியாது. அச்சத்துக் குறைவால் பூனைகளின் இதயத் தசை தளர்ந்துபோகிறது என்பது 1987இல் நிறுவப்பட்டது. அதன் பின்னரே பூனை உணவு தயாரிப்பவர்கள் டோரினின் அளவைக் கூட்டினார்கள்.

அவித்த கோழி ஓய்வுக்கான உணவு மட்டுமே. அதில் கல்சியமும் இல்லை, வேறு பல சத்துகளும் இல்லை. மலம் உருவாகத் தொடங்கியதும் ஒரு முழுமையான உணவுக்கு மாற்ற வேண்டும். உங்கள் மகன் வாங்கும் பைக்கற்றுகளில், வளர்ந்த பூனைக்குரிய முழுமையான, சமச்சீரான உணவு என்று குறிப்பிட்டிருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மூலப்பொருட்களின் பட்டியலில் முதலில் இறைச்சியோ கோழியோ இருக்க வேண்டும். விலங்குப் புரதம் ஒரே வகையாக இருந்தால் மேலும் நல்லது. நுண்ணிய வயிற்றுக்கு என்றே செய்யப்பட்டவையும் கிடைக்கின்றன. விலை கூடியதுதான் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சாக்கிலிருந்து அள்ளிக் கிலோக் கணக்கில் விற்பதை வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். எங்கள் கரையோர வெக்கையிலும் ஈரக்காற்றிலும் திறந்து கிடக்கும் உணவின் கொழுப்பு விரைவில் சிக்குப் பிடித்துவிடும். மனித மூக்குக்கு அது தெரியாமல் போகலாம், பூனையின் வயிற்றுக்குத் தெரியும். சிறிய பைக்கற்றாக வாங்கி, அதன் சொந்தப் பையோடு இறுக்கமான மூடியுள்ள டப்பாவுக்குள் வைத்து, ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

மாற்றும் விதத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் பிழை நடக்கிறது. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் ஓர் உணவுக்குப் பழகியிருப்பவை. புதிய உணவுக்கு அவை பழகுவதற்கு நாட்கள் வேண்டும். முதல் மூன்று நாட்கள் புதிய உணவு கால்பங்கு, பழையது முக்கால்பங்கு. அடுத்த மூன்று நாட்கள் பாதிக்குப் பாதி. அதற்கடுத்த மூன்று நாட்கள் புதியது முக்கால்பங்கு. பத்தாம் நாள் முழுவதும் புதியது. உங்களுடையதைப் போன்ற பூனைக்கு இதையே இரண்டு மூன்று வாரங்களாக நீட்டினாலும் நட்டமில்லை. இடையில் மலம் இளகினால் உணவே பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி வேறு பைக்கற்று வாங்க ஓடாதீர்கள். முந்திய படிக்குத் திரும்பி, மூன்று நாள் அங்கேயே நின்று, மீண்டும் மெதுவாக ஏறுங்கள். ஒரு மாதத்தில் மூன்று பைக்கற்று மாற்றினோம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த மூன்றில் ஒன்றுகூடத் தோற்றிருக்காது, ஒன்றுக்கும் போதிய அவகாசம் கிடைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இந்த நாட்களில் ஒரு பழைய பயிற்சிக் கொப்பியை எடுத்து, என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு, வாந்தி எடுத்ததா, சாப்பிட்டு எவ்வளவு நேரத்துக்குப் பின், மலம் எப்படி என்று நாள்தோறும் எழுதுங்கள். வாரம் ஒருமுறை நிறையையும் குறியுங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறி, கழித்துப் பார்ப்பது வழக்கமான முறை. ஆனால் 100 கிராம் வித்தியாசம் அதில் பிடிபடாது. பெட்டியில் பூனையை வைத்துக் கடைத் தராசில் நிறுப்பது சரியான வழி. எழுதி வைத்தால் சில விடயங்கள் தானாகவே புலப்படும். சாப்பிட்ட சில நிமிடங்களில் உணவு அப்படியே வெளியே வந்தால், அவசரமாக விழுங்குகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். தட்டையான தட்டில் பரப்பி, சிறிது சிறிதாக வைத்தால் அது குறையும். விடியற்காலையில் மஞ்சள் நுரை மட்டும் வந்தால் வெறுவயிறு நீண்டுவிட்டது. படுக்கப் போகுமுன் ஒரு சிறு பங்கு வையுங்கள். மலம் ஒரு நாளைக்குச் சில தடவை மட்டும், ஆனால் நிறையவும் நீராகவும் போனால் கோளாறு சிறுகுடலில் இருக்க வாய்ப்பு அதிகம். அடிக்கடி முக்கி, சளியோடு சிறிதளவு போனால் பெருங்குடலில் இருக்கலாம். இரண்டாவது வகைக்கு அவித்து மசித்த பூசணிக்காய் ஒரு தேக்கரண்டி உணவோடு சேர்ப்பது சில பூனைகளுக்கு நல்ல பயனைத் தரும். முதல் வகைக்கு அதனால் பெரிய பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

இவ்வளவும் செய்து மூன்று நான்கு வாரங்களாகியும் மாற்றமில்லை என்றால், உணவு ஒவ்வாமையைப் பற்றி யோசிக்க வேண்டும். பூனைகளில் ஒவ்வாமையை உண்டாக்கும் உணவுகளுள் மாட்டிறைச்சி, மீன், கோழி ஆகியவை முன்வரிசையில் நிற்கின்றன என்பதைக் கேட்டுப் பலர் வியப்படைகிறார்கள். பூனைக்கு மீன் எப்படி ஒவ்வாமல் போகும் என்று கேட்பார்கள். வாழ்நாள் முழுவதும் தின்று வந்த புரதத்துக்கு எதிராகத்தான் உடல் திரும்புகிறது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வளரும் எங்கள் பூனைகள் தின்று வந்தது மீனைத்தான். எனவே சோதனை உணவாக, அந்தப் பூனை இதுவரை தின்றிராத ஓர் இறைச்சியைத் தேட வேண்டும்: காடை, வாத்து, ஆடு என்று வீட்டுக்கு வீடு அது வேறுபடும். வைத்தியர் பரிந்துரைக்கும், புரதத்தை நுண்ணிய துண்டுகளாக உடைத்துத் தயாரித்த விசேட உணவு இன்னொரு வழி. குடல் சம்பந்தமான அறிகுறிகள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் குறையத் தொடங்கும். எனினும் எட்டு வாரம் வரை தொடர்ந்து, பிறகு பழைய உணவைச் சிறிது கொடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். அந்த எட்டு வாரமும் ஒரு நெத்தலிக் கருவாட்டுத் தலைகூட வாயில் படக்கூடாது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் காரணத்தை அவர்களுக்கும் விளக்கிச் சொல்லிவிடுங்கள். நாட்பட்ட குடல் நோயுள்ள பூனைகளில் விற்றமின் பி12 உறிஞ்சப்படுவது குறைந்துவிடுவதுண்டு. அந்தக் குறைபாடு இருக்கும்வரை எந்த உணவும் முழுப்பலன் தராது. அதற்கு ஊசி உண்டு, வைத்தியரிடம் ஞாபகப்படுத்துங்கள்.

தயிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மட்டக்களப்பு எருமைத் தயிரின் பெருமை நாடறிந்தது. உறையும்போது பாலின் சர்க்கரையில் ஒரு பகுதி குறைந்துவிடுவதால் பாலைவிட அது வயிற்றுக்கு இலகுவானதும்கூட. ஆனால் எருமைப்பாலின் கொழுப்பு பசுப்பாலினுடையதைவிட மிகவும் கூடுதல், குழம்பிய வயிற்றுக்கு அது பாரம். நல்ல நுண்ணுயிர்கள் வேண்டுமென்றால் விலங்குகளுக்கென்றே தயாரித்த பொடியோ குளிகையோ வைத்தியரிடம் கிடைக்கும். சூரை மீன் மட்டும் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. எண்ணெய்ச் சத்துள்ள மீனையே தொடர்ந்து தின்னும் பூனைக்கு விற்றமின் ஈ குறைந்து, உடற்கொழுப்பு அழற்சியுற்று, தொட்டாலே வலிக்கும் நோய் வரலாம். வாரத்தில் ஒரு நாள் ஒரு துண்டு என்பது வேறு விடயம். அதுவும் வயிறு சீரான பின்னர்தான்.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை, நீங்கள் கேட்காவிட்டாலும். எங்கள் வீடுகளில் காய்ச்சலுக்கும் வலிக்கும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் பரசிற்றமோல் மாத்திரை பூனைக்கு நஞ்சு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று உங்கள் பூனையின் உயிரையே எடுத்துவிடும். மனிதருக்குரிய வயிற்றோட்ட மாத்திரைகளையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். பூனை ஒரு நாள் முழுவதும் எதுவும் தின்னாவிட்டால், ஒரே நாளில் மூன்று நான்கு முறை வாந்தி எடுத்தால், வாந்தியிலோ மலத்திலோ இரத்தம் கண்டால், சோர்ந்து ஒளிந்து படுத்தால், கொப்பியை மூடிவிட்டு உடனே வைத்தியரிடம் போங்கள். இன்னொன்று: கடுவன் பூனை மணல் தட்டில் அடிக்கடி குந்தி முக்கினால், மலச்சிக்கல் என்று எண்ணிப் பலர் காத்திருக்கிறார்கள். சிறுநீர்ப்பாதை அடைபட்டிருக்கலாம். அப்படியானால் காத்திருக்க ஒரு நாள்கூட இல்லை.

கேள்வி (கல்முனை வாசகர்): எங்கள் ஒன்பது வயதுப் பூனைக்கு வைத்தியர் சொன்ன புதிய உணவை வைத்தால் மணந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. பசித்தால் தானாகத் தின்னும், விட்டுவிடுங்கள் என்று நண்பர் சொல்கிறார். சரியா?

பதில்: சரியில்லை. நாயைப் பொறுத்தவரை இந்த யோசனை பெரும்பாலும் பலிக்கும், பூனையைப் பொறுத்தவரை ஆபத்தானது. இரண்டு மூன்று நாட்கள் பட்டினி கிடந்தால், அதிலும் கொழுத்த பூனையாக இருந்தால், உடற்கொழுப்பு திரண்டு ஈரலில் போய்த் தேங்கி, ஈரலே செயலிழக்கும் நிலை வரலாம். பழைய உணவை நிறுத்தாமல், அதன் பக்கத்தில் வேறொரு தட்டில் புதியதைச் சில நாட்கள் சும்மா வைத்திருங்கள். அந்த மணத்துக்குப் பழகிய பின் ஒரு தேக்கரண்டி அளவிலிருந்து கலக்கத் தொடங்குங்கள். ஈர உணவாயின் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தபடி வைக்காமல், கையில் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும்வரை வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கி எடுத்து வையுங்கள். சூடு ஏறும்போது மணமும் எழும், பூனை மணத்தை நம்பித்தான் தின்னும். நீங்கள் கொடுக்கும் கசப்பான மருந்தை அதே உணவில் கலக்காதீர்கள். ஒருமுறை கலந்துவிட்டால் அந்த உணவையே அது வெறுத்துவிடும்.

கேள்வி (அக்கரைப்பற்று வாசகி): கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் பூனை மயிர் உருண்டையாக வாந்தி எடுக்கிறது, மலமும் இறுகுகிறது. தண்ணீர் வைத்தாலும் குடிப்பதில்லை.

பதில்: பூனை தாகத்தை எளிதில் உணராத பிராணி, இரையின் ஈரத்திலிருந்தே பெரும்பங்கு நீரைப் பெற்று வாழ்ந்த இனம் அது. உலர் பைக்கற்று உணவில் நீர் ஏறத்தாழ பத்திலொரு பங்குதான், ஈர உணவில் முக்கால்பங்குக்கு மேல். ஒரு கிலோ உடல் நிறைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 மில்லிலீற்றர் என்று பார்த்தால், 4 கிலோப் பூனைக்கு உணவின் ஈரத்தோடு சேர்த்து 200 மில்லிலீற்றர் வேண்டும். வரண்ட மாதங்களில் ஒரு நேரமாவது ஈர உணவுக்கு, முன்னர் சொன்னபடி படிப்படியாக, மாற்றுங்கள். தண்ணீரை வாயகன்ற மண்சட்டியில், உணவுத் தட்டுக்கும் மணல் தட்டுக்கும் தள்ளி, நிழலான இரண்டு மூன்று இடங்களில் வைத்துத் தினமும் மாற்றுங்கள். நாளுக்கு ஐந்து நிமிடம் சீப்பால் வாரிவிட்டால் விழுங்கும் மயிர் குறையும். மயிர் உருண்டை எப்போதாவது வருவது இயல்பு. வாரத்துக்கு வாரம் வந்தால், மயிரைக் குறை சொல்வதை விட்டுக் குடலைப் பரிசோதிக்க வேண்டும்.

கேள்வி (வாழைச்சேனை வாசகர்): நாங்கள் மீன்பிடிக் குடும்பம். பைக்கற்று உணவு வாங்கிக் கட்டுபடியாகாது. பத்து வயதுப் பூனைக்கு மீன்தான் உணவு, அண்மையில் வயிறு சரியில்லை. எங்களால் என்ன செய்ய முடியும்?

பதில்: செய்யக்கூடியது நிறைய உண்டு. முதலாவது, பச்சை மீனை நிறுத்துங்கள். நெத்தலி போன்ற சில மீன்களில் விற்றமின் பி1ஐ அழிக்கும் நொதியம் இருக்கிறது. பச்சையாகவே நாள்தோறும் தின்றுவந்தால் பசி குறைந்து, வாந்தி எடுத்து, பின்னர் தலை தொங்கி வலிப்பு வரும் அளவுக்குப் போகலாம். நன்றாக அவித்தால் அந்த நொதியம் அழிந்துவிடும், புழுக்களும் சாகும். வள்ளத்தில் வெயில்பட்டு நேரம் கடந்த மீன் உங்கள் வீட்டுச் சமையலுக்கு உதவாதென்றால் பூனைக்கும் உதவாது. கருவாடும் மாசியும் உப்பின் காரணமாக வேண்டாம். பத்து வயதில் சிறுநீரகத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மீனே முழு உணவாக இருக்கக்கூடாது. அவித்த முட்டையில் பாதியை வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொடுங்கள். கோழிக் கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழி இதயத்தை அவித்துக் கொடுங்கள். டோரின் அதில் நிறைய உண்டு. ஈரல் வாரத்துக்கு ஒருமுறை, பெருவிரல் நுனியளவு போதும்; கூடினால் விற்றமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் இறுகிவிடும். வயிறு இப்போது சரியில்லாததால் இவற்றை ஒரே நாளில் சேர்க்காமல், ஒன்றைத் தொடங்கி ஒரு வாரம் பார்த்த பின் அடுத்ததைச் சேருங்கள். கல்சியத்துக்கும் மற்றச் சத்துகளுக்கும் பொடியாகக் கிடைப்பவற்றுள் எது உங்கள் பூனைக்குப் பொருந்தும், எவ்வளவு என்பதை வைத்தியர் நிறையைப் பார்த்துச் சொல்வார். மலத்தைப் பரிசோதித்துப் பூச்சி மருந்து கொடுப்பதை இந்த வாரமே செய்துவிடுங்கள். மாதத்தில் ஒரு சிறிய பைக்கற்று வாங்க முடியுமென்றால், அதை நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் அவித்த மீனோடு சேர்த்து வாருங்கள். அதற்கும் வசதியில்லையென்றால், என்ன மீன், எவ்வளவு, எத்தனை நேரம் கொடுக்கிறீர்கள் என்று விபரமாக எனக்கு எழுதுங்கள். உங்கள் வீட்டுக்குக் கிடைப்பதைக் கொண்டே ஓர் உணவுப் பட்டியலை எழுதி அனுப்புகிறேன்.